நாய், பூனைக்குத் தண்ணீர் வைக்கும் போத்தலில் பாசி: எதைப் போட்டுக் கழுவுவது?

வெள்ளவத்தையில் மாடி வீட்டில் இருக்கும் ஒருவர் கேட்டிருப்பதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். வீட்டில் பூனை ஒன்று, சின்ன நாய் ஒன்று. 3 லீற்றர்ப் போத்தலை மேலே கவிழ்த்து வைத்தால் கீழே தட்டில் தானாகவே தண்ணீர் நிரம்பும் வகைப் பாத்திரம் ஒன்றை இரண்டுக்கும் பொதுவாகப் பல்கனியில் வைத்திருக்கிறார். போத்தலின் உட்பக்கம் பச்சையாகிவிட்டது, தட்டின் ஓரமெல்லாம் வழுவழுப்பு. வெளுக்கும் திரவமான குளோரொக்ஸ் போடலாமா, டெட்டோல் போடலாமா, வினாகிரி போதுமா என்று கேட்கிறார். பூனை சில நாட்களாக இந்தத் தண்ணீரைத்தான் குடித்திருக்கிறது, ஏதும் ஆகுமா என்றும் கேட்டிருக்கிறார். கேள்விகள் பல என்றாலும் உள்ளே இருக்கும் பயம் ஒன்றுதான்: பாசியை எடுக்கப்போய் நானே பிராணிக்கு நஞ்சு வைத்துவிடுவேனோ? நியாயமான பயம். நான் பேராதனையில் மிருக வைத்தியம் படித்து, கொழும்பில் நாய் பூனைகளுக்கு வைத்தியம் பார்த்து வருகிறேன். தண்ணீர்ப் போத்தல் பாசியால் நோயாகி வந்த பூனைகளைவிட, கழுவப் பயன்படுத்திய திரவத்தால் நாக்கு புண்ணாகி வந்த பூனைகளைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

கடைசிக் கேள்வியை முதலில் எடுக்கிறேன், தூக்கத்தைக் கெடுப்பது அதுதானே. குழாய்த் தண்ணீர் ஊற்றி, சில நாட்களுக்கு ஒருமுறை மாற்றும் போத்தலில் வளர்வது பெரும்பாலும் சாதாரணப் பச்சைப் பாசி. அதைக் குடித்ததால் பூனைக்கு எதுவும் ஆகிவிடாது. வழக்கம்போலச் சாப்பிடுகிறது, விளையாடுகிறது, மலம் சரியாகப் போகிறது என்றால் தண்ணீரை மாற்றினால் போதும், மருந்து ஒன்றும் வேண்டாம். நாய்களைக் கொல்லக்கூடியது நீலப்பச்சைப் பாசி எனப்படும் வேறு கூட்டம். பெயரில் பாசி இருந்தாலும் அது ஒருவகைப் பக்றீரியா. கழிவு சேர்ந்து, தேங்கி, வெயில் படும் நீர்நிலைகளில் மண்டும். கொழும்பு நடுவே இருக்கும் நம் பேர வாவி அடிக்கடி கடும் பச்சையாகத் தெரிவதற்கு முக்கிய காரணம் இதுதான். அந்தப் பக்கம் நாயை நடக்கக் கூட்டிப்போகிறவர்கள் வாவித் தண்ணீரில் வாய் வைக்க விடவே கூடாது. இந்த நஞ்சுகளில் சில நரம்பைத் தாக்கும்: வாய்நீர் ஒழுகுதல், நடுக்கம், வலிப்பு எல்லாம் சில நிமிடங்களிலோ சில மணி நேரத்திலோ வந்துவிடும். சில ஈரலைத் தாக்கும்: வாந்தி, சோர்வு, ஈறு மஞ்சளாவது என்று மெதுவாகத் தெரியவரும். இவற்றில் எது தெரிந்தாலும் காத்திருக்காமல் மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள். உப்புக் கரைத்துக் கொடுத்து வாந்தி எடுக்கவைக்கும் வேலை வேண்டாம், அதுவே ஆபத்து. பச்சையைக் கண்ணால் மட்டும் பார்த்து எந்தப் பாசி என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது, அதற்கு நுண்நோக்கி வேண்டும். அதனால்தான் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்பதைப் பார்க்கச் சொல்கிறேன். குழாய்த் தண்ணீர் என்றால் கவலை குறைவு. குளத்துத் தண்ணீரோ, நாள்பட்ட மழைத்தண்ணீர்ப் பீப்பாயோ என்றால் சந்தேகப்படுவதுதான் புத்தி.

சரி, ஏன் இவ்வளவு சீக்கிரம் பச்சையாகிறது? பாசிக்கு வேண்டியவை வெளிச்சம், தண்ணீர், கொஞ்சம் ஊட்டம். கொழும்பில் வருடம் முழுக்க வெக்கை. தெளிந்த பிளாஸ்ரிக் போத்தல், பல்கனி வெயில், நாயின் வாயிலிருந்து விழும் எச்சிலும் உணவுத் துணுக்குகளும் சேர்ந்தால் வேறென்ன வேண்டும்? களனி கங்கையிலிருந்து அம்பத்தலையில் சுத்திகரித்து வரும் தண்ணீரில் குளோரின் இருக்கிறது. ஆனால் மொட்டைமாடித் தொட்டியில் கிடந்து, பிறகு போத்தலிலும் கிடந்தால் அது பறந்து தீர்ந்துவிடும். வீட்டில் கரி பில்டர் பூட்டியிருந்தால் குளோரின் முதலிலேயே போய்விடுகிறது. பில்டர் தண்ணீர்தானே ஊற்றுகிறேன், எப்படிப் பாசி வந்தது என்று பலர் ஆச்சரியப்படுவார்கள். அந்தத் தண்ணீரில்தான் சீக்கிரம் வரும்.

தட்டின் ஓரத்து வழுவழுப்பு வேறு சங்கதி. அது பக்றீரியாக்கள் சேர்ந்து தமக்குத் தாமே போட்டுக்கொள்ளும் பசைப் படலம். வெளிச்சமே இல்லாத மூலையிலும் வரும். இளஞ்சிவப்பாகத் தெரிந்தால் குளியலறை ஓரங்களில் வருகிற அதே வகைப் பக்றீரியா, கறுப்புப் புள்ளிகள் என்றால் பூஞ்சணம். வயதான, நோயுள்ள பிராணிகளுக்கும் குட்டிகளுக்கும் பச்சைப் பாசியைவிட இந்தப் படலம்தான் தொல்லை தரக்கூடியது. நீங்கள் பச்சையைப் பார்த்துப் பயப்படுகிறீர்கள், நான் அந்த வழுவழுப்பைப் பார்க்கிறேன். தண்ணீரை மட்டும் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றினால் படலம் அப்படியே சுவரில் இருந்துகொண்டு அடுத்த நாளே தண்ணீரைக் கெடுக்கும்.

ஆகவே முதல் வேலை தேய்ப்பது. மருந்து இரண்டாவது வேலைதான். பாத்திரத்தை முழுவதுமாகக் கழற்றுங்கள்: போத்தல், மூடி, மூடிக்குள் இருக்கும் வால்வு, றப்பர் வளையம், தட்டு எல்லாம் தனித்தனியாக. இளஞ்சூட்டுத் தண்ணீரும் பாத்திரம் கழுவும் திரவமும் போதும். கொதிநீர் ஊற்றாதீர்கள், தெளிந்த பிளாஸ்ரிக் போத்தல்களில் பல 70 பாகை செல்சியஸை நெருங்கும்போதே வளைந்துவிடும். போத்தல் கழுவும் நீண்ட பிரஷ் இருந்தால் நல்லது. கழுத்து ஒடுக்கமாக இருந்து பிரஷ் நுழையவில்லை என்றால், ஒரு பிடி பச்சை அரிசி, கொஞ்சம் இளஞ்சூட்டுத் தண்ணீர், இரண்டு சொட்டுக் கழுவும் திரவம் போட்டு, வாயைக் கையால் மூடிப் பலமாகக் குலுக்குங்கள். அரிசி எல்லா மூலைக்கும் போய் உரசி எடுத்துவிடும். மணல் போடுகிற பழக்கமும் இருக்கிறது. பிளாஸ்ரிக்கில் வேண்டாம், கீறல் விழும், அந்தக் கீறலுக்குள்தான் அடுத்த பாசி குடியேறும். கம்பித் தும்புக்கும் இதே கதைதான். மூடியின் புரிகளையும் வால்வையும் பழைய பல் துலக்கும் பிரஷால் தேயுங்கள். றப்பர் வளையத்தைக் கழற்றாமல் கழுவுவதில் பயனில்லை, அதன் அடியில்தான் கறுப்புப் படியும். விரலால் தடவிப் பார்த்தால் கீச்சென்று ஒலிக்க வேண்டும். வழுக்கினால் இன்னும் படலம் இருக்கிறது என்று அர்த்தம். வாராவாரம் இப்படி முழுதாகக் கழற்றித் தேய்த்து வந்தால் பெரும்பாலான வீடுகளுக்கு மருந்து எதுவும் தேவைப்படாது.

இவ்வளவு பச்சையாகிவிட்ட போத்தலுக்கு ஒருமுறை குளோரொக்ஸ் போடலாம். ஆம், போடலாம், அளவோடும் ஒழுங்கோடும். லேபிளைப் பாருங்கள்: சோடியம் ஹைப்போகுளோரைட் 5 வீதம் அளவில் இருக்க வேண்டும். வாசனை சேர்த்ததும், கெட்டியாக்கியதும், சவர்க்காரம் கலந்ததும் வேண்டாம். ஒரு லீற்றர் குளிர்ந்த தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லிலீற்றர். இந்தக் கலவையில் போத்தலை நிரப்பி, மூடி, வால்வு, தட்டு எல்லாவற்றையும் மூழ்கவைத்து 10 நிமிடம் விடுங்கள். அழுக்கு இருக்கும்போது ஊற்றினால் குளோரின் அழுக்கோடு சேர்ந்து தீர்ந்துபோகும், கிருமிக்கு மிஞ்சாது. முதலில் தேய்க்கச் சொன்னது அதற்காகத்தான். அளவைக் கூட்டினால் சீக்கிரம் வேலை முடியும் என்று அரைப் போத்தலைக் கவிழ்ப்பவர்கள் உண்டு. கிடைப்பது மூக்கெரிச்சலும் கழுவியும் போகாத வாசனையும்தான். எவர்சில்வர்ப் பாகங்களை 10 நிமிடத்துக்கு மேல் ஊறவிடாதீர்கள், புள்ளி புள்ளியாக அரிக்கும். கலந்த தண்ணீரை நாளைக்கென்று எடுத்துவைக்கவும் வேண்டாம், நம் வெக்கையில் வீரியம் இறங்கிவிடும். அப்புறம் ஓடும் குழாயில் திரும்பத் திரும்ப அலசி, முகர்ந்து பாருங்கள். வாசனை துளியும் இருக்கக்கூடாது. கவிழ்த்து வைத்து முழுதாகக் காயவிடுங்கள். காய்ந்தபின் மிஞ்சக்கூடியது மிகச் சிறிதளவு உப்புதான், அதுவும் மறுபடி ஓர் அலசலில் போய்விடும். காயவைப்பதைத் தவறவிடாதீர்கள். ஈரமில்லாத பரப்பில் படலம் பிடிக்காது.

இதில் உயிர் போகக்கூடிய தவறு ஒன்று உண்டு. குளோரொக்ஸோடு வினாகிரி, தேசிக்காய்ச் சாறு, டொய்லெட் கழுவும் அமிலத் திரவம் எதையும் சேர்க்கக்கூடாது. சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். அமோனியா உள்ள கண்ணாடித் துடைப்பான்களும் அப்படியே, அங்கே வருவது குளோரமின். பூனையின் சிறுநீரிலும் அமோனியா உண்டு, எனவே பூனை மலசலம் கழிக்கும் மண் தட்டைக் கழுவிய அதே பேசினில் இந்த வேலையைச் செய்யாதீர்கள். ஜன்னலைத் திறந்துவைத்து, பிராணிகளை வேறு அறையில் விட்டுவிட்டுச் செய்யுங்கள். வீட்டில் லவ் பேர்ட்ஸ், கிளி இருந்தால் கூட்டை நன்றாகத் தள்ளி வையுங்கள். பறவைகளின் நுரையீரல் நம்முடையதைவிட மிக எளிதில் பாதிக்கப்படும்.

டெட்டோலுக்கு என் பதில் ஒரே சொல்: வேண்டாம். அதில் இருப்பது குளோரொக்சிலினோல், பினோல் வகையைச் சேர்ந்தது. பூனையின் ஈரலால் இந்த வகையை நம்மைப் போல முறித்து வெளியேற்ற முடியாது. தண்ணீரில் வெள்ளையாகக் கலங்கும் கிருமிநாசினிகளில் பலவும் இதே குடும்பம். தரை துடைக்கும் வாசனைத் திரவங்களில் அடிக்கடி இருக்கும் பென்சல்கோனியம் குளோரைட்டும் பூனைக்கு ஆகாது: நாக்கு புண்ணாகி, வாய்நீர் ஒழுகி, காய்ச்சலோடு சாப்பிடாமல் கிடக்கும். இந்தத் திரவங்களால் கழுவிய பாத்திரத்தில் மிச்சம் இருந்தாலும் ஆபத்து, துடைத்த தரையில் நடந்துவிட்டுப் பாதத்தை நக்கினாலும் ஆபத்து. நாய்க்குக் கொஞ்சம் தாங்கும் சக்தி உண்டு, அதற்காக அதற்குப் போடலாம் என்று அர்த்தமில்லை. நீச்சல் தடாகத்துக்கும் மீன் தொட்டிக்கும் விற்கும் பாசி கொல்லிகளைக் குடிதண்ணீர்ப் பாத்திரத்தின் பக்கமே கொண்டுவராதீர்கள். அவற்றில் பல செம்பு சேர்ந்தவை.

வினாகிரி கெட்டதில்லை, ஆனால் அதன் வேலை வேறு. சுண்ணாம்புப் படிவை அது நன்றாகக் கரைக்கும். யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீரில் போத்தல் ஓரம் வெள்ளையாகப் படியுமே, அதற்கு வினாகிரியும் தண்ணீரும் சமமாகக் கலந்து அரை மணி நேரம் ஊறவைத்தால் போதும். பாசிக்கும் படலத்துக்கும் அது அரைகுறைதான். தேய்த்தால் போவது உங்கள் கையின் பலத்தால், வினாகிரிக்குப் பெயர். கொழும்புக் குழாய்த் தண்ணீரில் சுண்ணாம்பு குறைவு என்பதால் உங்களுக்கு அது தேவைப்படாது. குளோரொக்ஸ் வாசனையே பிடிக்காதவர்கள் பாமசியில் கிடைக்கும் ஐதரசன் பெரொக்சைட்டைப் பயன்படுத்தலாம். 3 வீதக் கரைசலை அப்படியே ஊற்றி 10 நிமிடம் விட்டு அலசினால் சரி. 6 வீதம் என்று எழுதியிருந்தால் அதே அளவு தண்ணீர் சேருங்கள். அது தண்ணீராகவும் ஒட்சிசனாகவும் பிரிந்துபோகும். இதையும் வினாகிரியோடு கலக்கக்கூடாது. சீனக்காரம் போட்டால் என்ன என்று சில பெரியவர்கள் கேட்பதுண்டு. அது கலங்கலை அடியில் படியவைக்கும், பாசியைக் கொல்லாது. இன்னொன்று, பாசி வராமலிருக்கக் குடிக்கும் தண்ணீரிலேயே சில சொட்டு வினாகிரியோ குளோரொக்ஸோ விடுவது. செய்யாதீர்கள். பூனை முகர்ந்துவிட்டுத் திரும்பிப் போய்விடும், தண்ணீர் குடிக்காத பூனைக்குச் சிறுநீர்ப்பைத் தொல்லை வர அதிக நாள் பிடிக்காது.

மோட்டரோடு தண்ணீர் சுற்றும் வகைப் பாத்திரம் வைத்திருப்பவர்களுக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். முதலில் பிளக்கைக் கழற்றுங்கள். மோட்டரின் முன்மூடியைத் திறந்தால் சிறு காந்தத்தில் பொருத்திய சுழலி கையோடு வரும். அதைச் சுற்றிப் பூனை முடியும் பசையும் நூலாகச் சுற்றியிருக்கும். தட்டை மட்டும் பளபளவென்று கழுவிவிட்டு இதை விட்டுவிட்டால் தண்ணீர் ஒரே நாளில் நாறுவது அதனால்தான். காது குடையும் பஞ்சுக்குச்சி அந்தக் குழிக்குச் சரியாகப் போகும். கரி பில்டரைக் குளோரொக்ஸில் ஊறவைக்காதீர்கள், அது குளோரினை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். தயாரித்தவர் சொன்ன நாளில் மாற்றுங்கள், வழுவழுப்பாகிவிட்டால் அதற்கு முன்னரே. முயலுக்கும் ஹம்ஸ்ரருக்கும் வைக்கும் உருண்டைக் குழாய்ப் போத்தல் என்றால், கழுவிப் பூட்டியபின் விரலால் தட்டித் தண்ணீர் வருகிறதா என்று பாருங்கள். உருண்டை இறுகிக் கிடந்தால் போத்தல் நிறைந்திருக்கும், முயல் தாகத்தில் இருக்கும்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல நினைத்த விஷயம். உங்கள் போத்தல் உங்கள் பிராணிகளுக்குப் பெரிது. நாய்க்கும் பூனைக்கும் ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 50 மில்லிலீற்றர் என்று கணக்கு வைப்போம். 4 கிலோப் பூனைக்கு 200, 6 கிலோ நாய்க்கு 300, ஆக இரண்டுக்கும் அரை லீற்றர். டின் மீன் உணவோ சோறோ சாப்பிட்டால் அதிலேயே தண்ணீர் இருப்பதால் இன்னும் குறையும். 3 லீற்றர்ப் போத்தலை நிரப்பினால் கடைசிச் சொட்டைக் குடிக்கும்போது அதற்கு 6 நாள் வயது. இந்த வெக்கையில் 6 நாள் நின்ற தண்ணீரை நீங்கள் குடிப்பீர்களா? போத்தலை எறிய வேண்டியதில்லை, ஒரு நாளைக்கு வேண்டியதை மட்டும் ஊற்றுங்கள். தட்டைத் தினமும், போத்தலை இரண்டு மூன்று நாளைக்கொருமுறை கழுவுங்கள். வெயில் படாத இடத்துக்கு நகர்த்துங்கள், முடியாவிட்டால் போத்தலைச் சுற்றிக் கறுப்புத் துணியோ அலுமினியத் தாளோ சுற்றுங்கள். வெளிச்சத்தை அடைத்தால் பச்சை பெரும்பாலும் நின்றுவிடும். வழுவழுப்பு நிற்காது, அதற்குக் கழுவத்தான் வேண்டும். அளந்து ஊற்றுவதில் இன்னொரு லாபமும் உண்டு. பூனை திடீரென்று வழக்கத்தைவிட அதிகமாகக் குடிக்கத் தொடங்கினால் அது சிறுநீரக நோய்க்கோ நீரிழிவுக்கோ முதல் அறிகுறியாக இருக்கலாம். பெரிய போத்தல் வைத்திருக்கும் வீடுகளில் இதை யாரும் கவனிப்பதில்லை.

பல்கனியில் வைத்திருக்கிறீர்கள் என்பதால் நுளம்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். டெங்கு நுளம்பு தண்ணீருக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் சுவரில்தான் முட்டையை ஒட்டும். காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது, திரும்ப நனைந்தால் பொரிக்கும். எனவே தண்ணீரை மாற்றினால் மட்டும் போதாது, சுவரைத் தேய்த்தே ஆகவேண்டும். முட்டையிலிருந்து பறக்கும் நுளம்பாக ஒரு வாரம், பத்து நாள் போதும். மறந்துபோன நாய்த் தட்டில் நுளம்புப் புழுக்கள் நெளிந்தால் 2007ஆம் ஆண்டின் நுளம்பு பெருகுதலைத் தடுக்கும் சட்டத்தின் கீழ் வழக்கும் வரலாம், நாய்க்கு வைத்தது என்று சொல்லித் தப்ப முடியாது. கீழ் வீட்டுக்காரர்களுக்கு எலியும் சேர்த்து ஒரு தலையிடி. இரவில் வெளியே விட்ட தட்டில் எலி வாய் வைக்கும், சிறுநீரும் கழிக்கும். எலிக்காய்ச்சல் நாய்க்கும் வரும், அதிலிருந்து வீட்டாருக்கும் தொற்றும். இரவில் தட்டை உள்ளே எடுத்துவிடுங்கள், நாயின் தடுப்பூசி வருடாவருடம் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். காகத்துக்கு மட்டும் என்னிடம் மருந்தில்லை. எங்கிருந்தோ தூக்கிவந்த பாண் துண்டையும் மீன் முள்ளையும் நம் நாயின் தண்ணீரில்தான் நனைத்துத் தின்னும்.

பாத்திரத்தை வைத்துக்கொள்ளலாமா, எறியலாமா? உட்பக்கம் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். தேய்த்த பிறகும் பச்சைக் கோடுகள் கீறல்களுக்குள் நின்றால், போத்தல் மங்கி வெடிப்புவிட்டிருந்தால் எறிந்துவிடுங்கள், எத்தனை முறை குளோரொக்ஸ் போட்டாலும் அது திரும்பும். பிளாஸ்ரிக் தட்டில் குடிக்கும் பூனைகளுக்குத் தாடையில் கரும்புள்ளிகள் வரும் என்று ஒரு பேச்சு உண்டு. தட்டை மாற்றியதும் சில பூனைகளுக்குக் குறைவதைப் பார்த்திருக்கிறேன், ஆனால் காரணம் பிளாஸ்ரிக்தான் என்று உறுதியாக நிரூபிக்கப்படவில்லை, அதற்காக மட்டும் பாத்திரத்தை மாற்றச் சொல்லமாட்டேன். புதிதாக வாங்குவதென்றால் அகன்ற வாயுள்ள எவர்சில்வர் அல்லது பீங்கான் கிண்ணம் நான்கு வாங்குங்கள். இரண்டு பயன்பாட்டில் இருக்க, இரண்டு கழுவிக் காய்ந்துகொண்டிருக்கட்டும். பூனையின் கிண்ணத்தை மண் தட்டுக்குப் பக்கத்தில் மட்டும் வைக்காதீர்கள்.